மறுபடியும் அதே தட்டு

பழைய இசைத்தட்டுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்குகிறவன் முதலில் உணர்ந்துகொள்ள வேண்டியது, அபூர்வமான பொருள் வேறு, பிரியமான பொருள் வேறு என்பதே. முன்னதை விலைப்பட்டியல் சொல்லிவிடும்; பின்னதை, வாடிக்கைக்காரர் தட்டை உறையிலிருந்து உருவும் விதத்தைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். எத்தனையோ கோஷ்டிகளின் ரசிகர்கள் சேர்ந்து இதை எனக்குக் கற்பித்தார்கள் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். உண்மையோ வேறு. தென் இங்கிலாந்தில் ஸரே மாவட்டத்தில் நான் கடை நடத்திய காலமெல்லாம் இந்தப் பாடத்தைத் திரும்பத் திரும்ப எனக்குப் புகட்டியவர்கள் ஜெனஸிஸ் என்ற ஒரே கோஷ்டியின் ரசிகர்கள்தாம்.

இதற்குப் பூகோளமும் ஓரளவு காரணம். ஸரேயில் காடல்மிங் என்னும் ஊரை ஒட்டிய குன்றின்மீது நிற்கும் சார்ட்டர்ஹவுஸ் பள்ளிக்கூடத்தின் பிள்ளைகள் 1967-இல் கூடி அமைத்த கோஷ்டி அது. அவர்களுள் பாட்டுக்காரரான பீட்டர் கேப்ரியலின் பெற்றோர் வாழ்ந்த வீடு இதே மாவட்டத்தில் சாப்ஹமில் இருந்தது. சங்கீதத்தையே ஜீவனமாகக் கொள்வது என்று துணிந்து 1969-இன் இறுதியில் அவர்கள் அடைந்துகிடந்து சாதகம் செய்த சிறு வீடு, டார்க்கிங்கிற்கு அருகே வாட்டன் கிராமத்தில் இருந்தது. பிற்காலத்தில் செல்வம் சேர்ந்ததும் அவர்கள் விலைக்கு வாங்கி ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றிக்கொண்ட பண்ணையும் எங்கள் பக்கத்துச் சிடிங்ஃபோல்டில்தான். ஆகையால் என் கடைக்குள் நுழைந்தவர்களில் ஒரு பகுதியினர் தட்டு வாங்க வந்தவர்களே அல்லர். இந்த இடங்களுக்கு வழி கேட்க வந்து, கேட்டது போக மீதி நேரத்தில் அலமாரியைப் புரட்டி, கடைசியில் தங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் தட்டையே மறுபடியும் வாங்கிக்கொண்டு போனவர்கள்.

நான் அந்தக் கடையில் உதவியாளனாகச் சேர்ந்தது 1970-களின் பிற்பகுதியில். அப்பொழுது காற்று நேர் எதிர்த் திசையில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று நிமிஷத்தில் முடியும் பாட்டே யோக்கியமான பாட்டு, நீளமாக வாசிப்பது டம்பம் என்று பங்க் கோஷ்டிகளும் அவர்களைக் கொண்டாடிய சங்கீத வாரப் பத்திரிகைகளும் ஒரே குரலில் பிரசாரம் செய்துவந்த காலம் அது. மேலை நாட்டுச் சாஸ்திரிய சங்கீதத்தில் போலப் பல அங்கங்களாக விரியும் அமைப்பையும், அடிக்கடி மாறும் தாளக்கட்டையும், நீண்ட கதைப்போக்கையும் மின்சார கிதாரிலும் ஆர்கனிலும் கொண்டுவந்த புரொகிரெஸிவ் ராக் என்ற பாணியே கேலிக்குரியதாகிவிட்டது. ஜெனஸிஸ் தட்டைக் கேட்டு வருகிறவர்கள் மருந்துக்கடையில் சங்கடமான மருந்தைக் கேட்பவர்கள்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். என்னோடு வேலை பார்த்த இளைஞன், ஒரு பாட்டு 23 நிமிஷமா என்று அவர்கள் காதுபடவே சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. ஒரு ராகம், தானம், பல்லவிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து பழகிய குடும்பத்தில் பிறந்தவனுக்கு 23 நிமிஷம் என்பது வித்துவான் தொண்டையைச் சரிசெய்துகொள்ளும் நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். இந்தச் சங்கீதத்தை நான் முதலில் பொறுமையாகக் கேட்டதற்குக் காரணம் ரசனை அன்று. அதன் நீளம் எனக்கு ஒரு குற்றமாகத் தோன்றவில்லை என்பதே.

விலைக்கும் பிரியத்துக்கும் உள்ள தூரத்தை அளக்க ஜெனஸிஸின் முதல் தட்டைவிட நல்ல அளவுகோல் கிடையாது. 1969 மார்ச்சில் டெக்கா கம்பெனி வெளியிட்ட 'ஃப்ரம் ஜெனஸிஸ் டு ரெவலேஷன்' அது. அதே பள்ளிக்கூடத்தின் பழைய மாணவரான ஜானதன் கிங் தயாரித்தது. ஜெனஸிஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் வேறொரு கோஷ்டி இருந்த காரணத்தால், கறுப்பு உறைமீது பொன்னெழுத்தில் தலைப்பை மட்டும் அச்சிட்டுக் கோஷ்டியின் பெயரைத் தனியே போடாமல் விட்டார்கள். விவிலியப் பெயர்களைக் கண்ட கடைக்காரர்கள் சிலர் அதை மத சம்பந்தமான தட்டுகளோடு வைத்துவிட்டதாகக் கோஷ்டியாரே சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். முதலில் விற்றவை ஏறக்குறைய 650 பிரதிகள் என்பது வழிவழியாக வந்துவிட்ட எண். அதனால்தான் அந்த முதல் அச்சு, அதிலும் மோனோ அச்சு, நல்ல நிலையில் கிடைத்தால், நூற்றுக்கணக்கான பவுண்டுக்குப் போகிறது. ஆனால் அதை வாங்கிப்போனவர் எவரும் மறு வாரம் வந்து, அதைக் கேட்டு மெய்ம்மறந்ததாகச் சொல்லி நான் அறியேன். வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது, நிரப்பினார்கள்; கண்ணாடி அலமாரியில் வைத்தார்கள்; அவ்வளவே. எனக்கும் அந்தத் தட்டு பள்ளிப்பிள்ளைகள் வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு பாடுவதாகவே படுகிறது.

பிரியம் முழுவதும் சென்று தங்கியது 1970-க்கும் 1974-க்கும் இடையே கரிஸ்மா கம்பெனி வெளியிட்ட தட்டுகளில். கரிஸ்மாவை ஸ்தாபித்த டோனி ஸ்ட்ராட்டன்-ஸ்மித் விளையாட்டுப் பத்திரிகை எழுத்தாளராக இருந்தவர். பந்தயக் குதிரைகளில் மோகம் கொண்டவர். லாபக் கணக்கு வரும்வரை காத்திருக்கும் பொறுமை குதிரை வளர்ப்பவருக்கு இயல்புபோலும். முதல் சில தட்டுகளின் விற்பனை மந்தமாக இருந்தும் அவர் இந்தப் பிள்ளைகளைக் கைவிடவில்லை. 1971-இன் தொடக்கத்தில் ஜெனஸிஸ், வான் டெர் க்ராஃப் ஜெனரேட்டர், லிண்டிஸ்ஃபார்ன் ஆகிய மூன்று கோஷ்டிகளை ஒன்றுசேர்த்து, ஆறு ஷில்லிங் டிக்கெட்டில் ஊர் ஊராக அனுப்பினார். தசம நாணயம் அமலுக்கு வந்த அந்த வருஷத்தில் ஆறு ஷில்லிங் என்பது 30 பென்ஸ் ஆயிற்று. அந்தக் கச்சேரிகளுக்குப் போன மனிதர்கள், இப்பொழுது காது மந்தமான முதியவர்கள், 30 பென்ஸுக்கு என்ன கேட்டோம் என்பதை என் கடையில் நின்று ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொள்ளும்போது, எந்த மண்டபத்தில் எந்தக் கோஷ்டி கடைசியாக வாசித்தது என்பதில் மட்டும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை.

இதே கரிஸ்மாதான் 1973-இல் மாண்ட்டி பைதான் என்ற ஹாஸ்யக் குழுவினரின் தட்டு ஒன்றை, ஒரு பக்கத்தில் இரண்டு தனித்தனிச் சுருள்பாதைகள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும்படி வெட்டுவித்து வெளியிட்டது. ஊசி எந்தப் பாதையில் விழுகிறதோ அந்த நிகழ்ச்சியே கேட்கும். வாங்கியவர், நேற்றுக் கேட்டது இன்று தட்டில் இல்லையே என்று திகைப்பார். வியாபாரிக்கு இதைப்போன்ற ஆனந்தங்கள் அடிக்கடி வாய்ப்பதில்லை.

வியாபாரத்தில் நான் கண்ட விசித்திரத்துக்கு இப்பொழுது வருகிறேன். 1972-இல் வந்த 'ஃபாக்ஸ்ட்ராட்', 1973-இல் வந்த 'ஸெல்லிங் இங்லண்ட் பை தி பவுண்ட்' ஆகிய இரண்டும் அபூர்வமான தட்டுகள் அல்ல. இங்கிலாந்தில் எந்தப் பழைய தட்டுக்கடையிலும் தேடாமலே கிடைப்பவை. அப்படியிருக்க, ஒரே மனிதர் அவற்றை ஏன் மூன்றாம் முறை, ஐந்தாம் முறை வாங்குகிறார்? முதலில் நான் அதைச் சேகரிப்புப் பைத்தியம் என்று எண்ணினேன். பைத்தியக்காரர்களும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோருக்குக் காரணம் தட்டின் உடற்கூறிலேயே இருந்தது.

நீண்ட ஓட்டத் தட்டின் ஒரு பக்கத்தில் 20 நிமிஷத்துக்குள் சங்கீதம் அடங்கினால், அதை வெட்டுகிறவருக்கு நிம்மதி. சுருள்பாதைகளை அகலமாக விட்டு, ஒலியை உரக்கப் பதிக்கலாம். நேரம் கூடக்கூடப் பாதைகளை நெருக்கி, ஒலியின் அளவைக் குறைத்தே பதிக்க வேண்டியிருக்கும். ஒலி தணிந்த தட்டில், உரத்த தட்டில் அமுங்கிப்போகும் தூசியின் கரகரப்பும் கீறலின் சொடுக்கும் தலைதூக்கிவிடும். 'ஸெல்லிங் இங்லண்ட்' இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 53 நிமிஷம். அது போதாதென்று, அதன் முதல் பாட்டு எந்த வாத்தியத் துணையும் இல்லாமல் கேப்ரியலின் தனிக்குரலோடு தொடங்குகிறது. கொட்டும் முழக்கும் உள்ள பாட்டென்றால் நாலு கீறலை மறைத்துவிடும். வெறுங்குரல் எதையும் மறைக்காது. ஆகவே அந்தத் தட்டை வாங்க வருகிறவர் முதல் அரை நிமிஷத்தைப் போட்டுக் கேட்பார், அதற்குமேல் கேட்க மாட்டார். அந்த அரை நிமிஷம் சுத்தமாக இருந்தால் பணப்பை வெளிவரும். ஒரு சொடுக்கு கேட்டாலும், மிகுந்த மரியாதையோடு நன்றி சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

'ஃபாக்ஸ்ட்ராட்டின்' கஷ்டம் வேறு தினுசு. அதன் இரண்டாம் பக்கத்தில் ஸ்டீவ் ஹாக்கெட்டின் சிறிய கிதார்த் தனி முடிந்ததும், ஏழு அங்கங்கள் கொண்ட 'ஸப்பர்ஸ் ரெடி' தொடங்கி, 23 நிமிஷத்துக்குச் சற்றே குறைவாக ஓடி முடிகிறது. மெதுவாகத் தொடங்கி, நடுவில் கோமாளித்தனம் செய்து, ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தில் ஆர்கன் வெறிகொண்டு ஏறி, கடைசியில் எல்லா வாத்தியங்களும் கூடிப் பெருகும் இடத்தில் முடியும் உருப்படி அது. அந்த உச்சம் வந்து விழுவது தட்டின் ஆக உள்வட்டத்தில். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் மாறாதது. ஆனால் வட்டம் சிறுத்துக்கொண்டே போவதால், வெளியோரத்தில் வினாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் நீளப் பாதை ஊசிக்கு அடியில் ஓடினால், உள்ளோரத்தில் சுமார் 21 சென்டிமீட்டர்தான் ஓடும். அந்தக் குறுகிய நீளத்துக்குள் அவ்வளவு சங்கீதத்தையும் திணிக்கும்போது ஒலி திரிகிறது. தேய்ந்த ஊசியால் வாசிக்கப்பட்ட பிரதியானால் அந்த இடம் கிழிந்த துணிபோலக் கேட்கும். எந்த இடத்துக்காக அந்த மனிதர் 23 நிமிஷம் காத்திருந்தாரோ, அந்த இடமே தட்டின் மிகப் பலவீனமான இடம். முந்திய சொந்தக்காரர் பாட்டை எத்தனைக்கெத்தனை நேசித்தாரோ அத்தனைக்கத்தனை அந்த உள்வட்டம் தேய்ந்திருக்கும் என்பது இன்னொரு சிக்கல். அந்தக் கடைசி மூன்று நிமிஷம் திரியாமல் ஒலிக்கும் பிரதி ஒன்று உலகத்தில் எங்கோ இருக்கத்தான் வேண்டும் என்ற நம்பிக்கையில்தான் அவர்கள் மறுபடியும் மறுபடியும் அதே தட்டை வாங்கினார்கள்.

அவர்கள் தட்டைப் பரீட்சிக்கும் முறையை நான் வேறு எந்தக் கோஷ்டியின் ரசிகர்களிடமும் கண்டதில்லை. உள்ளங்கைகள் இரண்டும் விளிம்பில். விரல் பரப்பில் படாது. முதலில் நடுத்துளை. துளையைச் சுற்றி லேபிளின்மேல் மெல்லிய கோடுகள் படர்ந்திருந்தால், துளை எங்கே என்று தடவித் தடவித் தட்டைப் பலமுறை இயந்திரத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பிறகு லேபிள். 'ட்ரெஸ்பாஸ்', 'நர்ஸரி க்ரைம்' ஆகியவற்றின் முதல் அச்சில் இளஞ்சிவப்பு லேபிள். 'ஃபாக்ஸ்ட்ராட்' முதலாக, 'ஆலிஸ்' கதைக்கு டெனியல் வரைந்த பித்துக்கொண்ட தொப்பிக்காரனின் சித்திரம். அதன் பிறகு, பாட்டு முடிந்து ஊசி ஓய்ந்து சுற்றும் வெற்று வளையத்தைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, அங்கே கீறப்பட்டிருக்கும் எண்களைப் படிப்பார்கள். உறையை ஆராய்வது கடைசியில். ஆனால் அதற்குத்தான் அதிக நேரம்.

அந்த உறைகளைப்பற்றித் தனியே சொல்ல வேண்டும். முதல் மூன்று கரிஸ்மா உறைகளை எழுதியவர் பால் வைட்ஹெட் என்ற சித்திரக்காரர். 'ட்ரெஸ்பாஸுக்கு' அவர் எழுதிய சாந்தமான சித்திரம் முடிந்த பிறகு, கத்தியைப்பற்றிய உக்கிரமான பாட்டொன்று தட்டில் சேர்ந்தது. சித்திரம் பாட்டுக்குப் பொருந்தவில்லை என்ற பேச்சு எழவே, நிஜக் கத்தியாலேயே அந்தத் துணியைக் கிழித்துப் படம் பிடித்தார்கள். 'நர்ஸரி க்ரைமில்' ஒரு பெண் குழந்தை பச்சைப் புல்வெளியில் வெட்டுண்ட தலைகளை வைத்துக் குரோக்கே ஆடுகிறாள். பின்னாலுள்ள மாளிகை கேப்ரியல் வளர்ந்த வீட்டின் சாயல் கொண்டது. 'ஸெல்லிங் இங்லண்டின்' உறையிலுள்ளது பெட்டி ஸ்வான்விக் என்ற அம்மையார் முன்பே எழுதிய 'கனவு' என்ற சித்திரம். புல்வெட்டும் இயந்திரத்தை மட்டும் கோஷ்டியாரின் வேண்டுகோளுக்காகப் பின்னர் அதில் சேர்த்தார். மடக்கு உறையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, பாட்டின் வாசகத்தைப் படித்தபடி தட்டைக் கேட்பதே அக்காலத்து வழக்கமாதலால், மடிப்பின் முதுகு வெடித்த உறைகளே மிகுதி. உறைமீது தட்டின் வட்டம் தழும்பாகப் பதிந்திருந்தால் விலை பாதியாகும். சொந்தக்காரர் பேனாவால் பெயர் எழுதியிருந்தால் மேலும் குறையும். விலையைக் குறைப்பது என் கடமை. ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையின் கோணல் எழுத்தில் பெயரும் வகுப்பும் எழுதிய உறையைத் தேர்ந்தெடுத்து வாங்கியவர்களும் உண்டு. அவர்களுக்கு அந்தப் பெயர் யாருடையது என்பது தெரியாது. தெரிய வேண்டும் என்றும் அவர்கள் கேட்டதில்லை.

அயல்நாட்டு ரசிகர்களில் இத்தாலியர்களைப்பற்றி எழுதாவிட்டால் இந்தக் கட்டுரை பூர்த்தியாகாது. இங்கிலாந்தில் எய்ல்ஸ்பரி ஊரின் ஃப்ரையர்ஸ் என்ற கிளப்பைப்போல ஓரிரண்டு இடங்களே இந்தக் கோஷ்டியைத் தலையில் வைத்துக் கொண்டாடிய நாட்களில், 1972-இல் இத்தாலிக்குப் போனவர்கள் பெரிய விளையாட்டு மண்டபங்கள் நிரம்பி வழிவதைக் கண்டார்கள். சொந்த நாட்டில் கவனிப்பாரற்றுக் கிடந்த 'நர்ஸரி க்ரைம்' அங்கே விற்பனைப் பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறியது; வான் டெர் க்ராஃப் ஜெனரேட்டரின் 'பான் ஹார்ட்ஸ்' முதலிடத்திலேயே வாரக்கணக்கில் நின்றது. காரணம் கேட்டால், ஓபெராவில் வளர்ந்த ஜனங்களுக்கு வேஷமும் கதையும் நீண்ட பாட்டும் அந்நியமல்ல என்பார்கள். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. என் கடைக்கு வந்த இத்தாலியர்கள், தங்கள் நாட்டு அச்சுப் பிரதிகளைப் பிள்ளைப் பருவத்திலிருந்து வைத்திருப்பவர்கள். இங்கிலாந்து அச்சு ஒன்றை இங்கிலாந்திலேயே, அதுவும் ஸரேயில், வாங்க வேண்டும் என்பது அவர்கள் சங்கல்பம். பேரம் பேசுவதிலும் நம்மவர்களுக்கு இளைத்தவர்கள் அல்லர். 1972 செப்டம்பரில் டப்ளின் நகரக் கச்சேரியில், மற்ற வாத்தியக்காரர்களுக்கே முன்கூட்டிச் சொல்லாமல், மனைவியின் சிவப்பு அங்கியும் நரித்தலையும் அணிந்துகொண்டு கேப்ரியல் மேடைக்கு வந்த கதையை, கையும் காலும் ஆட்டி எனக்கு முதன்முதலில் நடித்துக் காட்டியவர் மிலான் நகரத்திலிருந்து வந்த ஒரு கணக்கர்தான்.

தொழிலின் மற்றொரு பாதி, வீடுகளுக்குப் போய் மொத்தமாக வாங்குவது. 1980-களின் நடுவில் சிறிய வெள்ளித் தகடுகளான காம்பாக்ட் டிஸ்க்குகள் பரவியபோது, ஜனங்கள் தங்கள் தட்டுகளைப் பெட்டி பெட்டியாக வந்த விலைக்குக் கொடுத்தார்கள். பிறகு வீடு சிறிதாக்குகிறவர்கள், விவாகரத்து ஆனவர்கள், கடைசியாக இறந்தவர்களின் வாரிசுகள் என்று வரிசை மாறியது. எதைக் கொடுக்கிறார்கள் என்பதைக் காட்டிலும் எதைப் பெட்டியிலிருந்து எடுத்து அப்பால் வைக்கிறார்கள் என்பதைக் கவனிப்பது என் வழக்கமாயிற்று. ஜெனஸிஸ் ரசிகர் முதலில் கொடுத்துவிடுவது, லட்சக்கணக்கில் விற்று, இன்று தரும ஸ்தாபனங்களின் கடைகளில் ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும் 1986-ஆம் வருஷத்து 'இன்விஸிபிள் டச்'. அடுத்தது, ஒன்றுக்கு மேலுள்ள பிரதிகள். அதிலும் நல்ல நிலையில் உள்ளவற்றையே கொடுப்பார். அப்பால் எடுத்து வைக்கப்படுவது, மூலை நைந்து, முதுகு கிழிந்து, நான் இரண்டு பவுண்டுகூடத் தர முடியாத ஒரு பழம்பிரதியாக இருக்கும். சுத்தமான பிரதியைத் தேடித்தேடி வாங்கியவரே, அந்தச் சுத்தமான பிரதியை விற்றுவிட்டுச் சொடுக்கும் கரகரப்பும் நிறைந்த முதல் பிரதியை வைத்துக்கொள்வார். ஓய்வுபெற்ற ரயில்வே இஞ்சினீயர் ஒருவரிடம் காரணத்தைக் கேட்டேவிட்டேன். 'ஸப்பர்ஸ் ரெடி'யின் இரண்டாவது அங்கத்தில் தம்முடைய தட்டில் ஒரு சொடுக்கு உண்டென்றும், சுத்தமான பிரதியைக் கேட்கும்போது அந்த இடத்தில் மனம் அதை எதிர்பார்த்து ஏமாறுகிறதென்றும் அவர் விளக்கினார். பத்து வருஷமாக அவருக்குச் சொடுக்கில்லாத பிரதிகளைத் தேடித் தந்தவன் நான். அவர் சொன்னதை மறுக்கவும் எனக்குத் தோன்றவில்லை, தந்த பிரதிகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் நஷ்டமும் இல்லை.

2008-இல், பழைய மூல நாடாக்களிலிருந்து வாத்தியங்களைத் தனித்தனியே பிரித்தெடுத்து, நிக் டேவிஸ் என்ற ஒலி நிபுணர் மறுபடியும் கலந்து அமைத்த புதிய பதிப்புகள் வந்தபோது, கடையில் மாதக்கணக்கில் யுத்தம் நடந்தது. முன்பு சேற்றில் புதைந்திருந்த, கோஷ்டியின் ரூதர்ஃபோர்ட் வாசித்த பன்னிரண்டு தந்திக் கிதார் இப்பொழுதுதான் துலக்கமாகக் கேட்கிறது என்றது ஒரு கட்சி. தணிவுக்கும் உரப்புக்கும் உள்ள இடைவெளியை நெருக்கி எல்லாவற்றையும் ஒரே சத்தமாக ஆக்கிவிட்டார்கள், கலவையை மாற்ற இவர்கள் யார் என்றது மற்றொரு கட்சி. கோஷ்டியின் டோனி பாங்க்ஸே இந்தப் புதிய கலவையை விரும்பினார் என்று ஒருவர் எடுத்துச் சொன்னபோது, வாசித்தவருக்கு அதைப்பற்றி என்ன தெரியும் என்று வந்த பதிலை நான் இன்றும் ரசிக்கிறேன். கோபம் வியாபாரத்துக்கு நல்லது. புதிய பதிப்பை வெறுத்தவர்கள் எல்லோரும் பழைய அச்சுக்கு வந்தார்கள். வெறுப்பதற்காக முதலில் புதியதையும் வாங்கியிருந்தார்கள்.

ஆயினும் இவையெல்லாம் சில்லறைச் சண்டைகள். பெரிய வழக்கு ஒன்று உண்டு. அது அலமாரியில் தட்டுகளை வைக்கும் ஒழுங்கைப்பற்றியது. 1974-இல் 'தி லாம் லைஸ் டௌன் ஆன் பிராட்வே' என்ற இரட்டைத் தட்டு வெளிவந்தது. அதன் கதை எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கிற்று என்பவர்கள் இருவர் ஒரே கதையைச் சொல்லவும் இல்லை. அதை முழுவதுமாகச் சுமார் நூறு கச்சேரிகளில் நிகழ்த்திவிட்டு, 1975-இல் கேப்ரியல் விலகினார். தாளக்காரரான ஃபில் காலின்ஸ் பாடகரானார். இந்தக் காலின்ஸ், 1970-இல் தேர்வுக்காகச் சாப்ஹம் வீட்டுக்கு வந்தபோது, தம் முறை வரும்வரை நீச்சல் குளத்தில் மிதந்துகொண்டே முன்னால் வாசித்தவர்களைக் கேட்டு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டவர். 1977-இல் ஹாக்கெட்டும் போனார். எஞ்சிய மூவரின் பாட்டு வருஷத்துக்கு வருஷம் குறுகி, பெயர் பெருகி, 1987-இல் வெம்ப்ளி விளையாட்டரங்கை நான்கு இரவுகள் நிரப்பியது. கேப்ரியலோடு ஜெனஸிஸ் முடிந்தது என்பவர்கள் ஒரு பக்கம். 1976, 1977 வரையில் சரி என்று நீக்குப்போக்குக் காட்டுகிறவர்கள் நடுவில். எல்லாமே ஜெனஸிஸ்தான் என்பவர்கள் மறு பக்கம். ஒரே பெயரின் கீழ் எல்லாவற்றையும் அடுக்கிய என் அலமாரி முதல் வகையினரின் கண்ணை உறுத்தியது. கேப்ரியல் காலத்துத் தட்டுகளுக்குத் தனிப் பிரிவு அட்டை வைத்தேன். மூன்றாம் வகையினர் அந்த அட்டையைப் பிடுங்கி என் மேஜைமீது வைத்துவிட்டுப் போனார்கள்.

1982 அக்டோபர் 2-ஆம் தேதி, கேப்ரியல் தொடங்கிய வோமாட் இசைவிழாவின் கடனைத் தீர்ப்பதற்காகப் பழைய நண்பர்கள் மில்டன் கீன்ஸில் அவரோடு ஒரே ஒரு மாலை சேர்ந்து வாசித்தார்கள். மழை. கேப்ரியலைச் சவப்பெட்டியில் வைத்து மேடைக்குத் தூக்கிவந்தார்கள். ஹாக்கெட் கடைசிப் பாட்டுகளுக்கு வந்து சேர்ந்தார். அதற்கு அடுத்த வாரம் கடையில் எந்தக் கட்சியும் எந்தக் கட்சியோடும் சண்டை போடவில்லை. அதற்கு அப்புறம் போட்டார்கள்.

2022 மார்ச் 26-ஆம் தேதி லண்டனில் கடைசிக் கச்சேரி. உடல் தளர்ந்த காலின்ஸ் நாற்காலியில் அமர்ந்தே பாடினார். அவருடைய மகன் தாளம் வாசித்தான். கேப்ரியல் பார்வையாளராக வந்திருந்தார். இனிமேல் தேவை குறையும் என்று சக வியாபாரிகள் பலர் கணக்கிட்டார்கள். குறையவில்லை. ஹாக்கெட் இன்னும் அந்தப் பழைய தட்டுகளை மேடையில் முழுமுழுதாக வாசித்துவருகிறார். அவர் கச்சேரி நடந்த ஊர்ப்பக்கத்தில் அடுத்த சனிக்கிழமை கூட்டம் நிச்சயம். தகப்பனார் வீட்டு மாடியில் பெட்டியைத் திறந்துவிட்டு வரும் இருபது வயதுப் பிள்ளைகள், முதலில் எதைக் கேட்பது என்று கேட்கிறார்கள். 'ட்ரெஸ்பாஸ்' என்று நான் சொல்வேன், அருகில் நிற்கிற முதியவர் எவராயிருந்தாலும் குறுக்கிட்டு 'ஃபாக்ஸ்ட்ராட்' என்பார்.

இப்பொழுது கடையை நடத்துவது என் மகள். ஒழுங்கு விரும்புகிறவள். ஹாக்கெட்டின் தனித் தட்டுகளை 'ஜி' வரிசையில் ஜெனஸிஸுக்குப் பின்னால் வைத்திருப்பது எந்தச் சாஸ்திரத்திலும் இல்லை என்று சொல்லி, அவற்றை 'எச்' வரிசைக்குக் கொண்டுபோனாள். ஆனால் அவற்றுள் 1975-இல் வந்த முதல் தட்டு, ஹாக்கெட் கோஷ்டியில் இருந்தபோதே செய்தது. காலின்ஸும் ரூதர்ஃபோர்டும் அதில் வாசித்திருக்கிறார்கள். இந்த நியாயத்தை அவளிடம் எடுத்துச் சொல்ல எந்த வாடிக்கைக்காரருக்கும் தைரியம் இல்லை. திங்கட்கிழமை காலையில் அலமாரியைச் சரிபார்க்கும்போது அந்த ஒரு தட்டு மட்டும் 'ஜி' வரிசையில் இருக்கிறது. அவள் மாற்றி வைக்கிறாள். அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் அங்கேயே இருக்கிறது. நான் அல்லவென்று சத்தியம் செய்தும் அவள் நம்புவதாக இல்லை.